கயிற்றுப் பாலத்தில் நிற்கிறவன்

பம்பாய்,
ஆகஸ்ட் 1984

அன்புள்ள அம்மாவுக்கு இராமலிங்கம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பிய வெங்காய வடகம் வந்தது. சுற்றியிருந்த பேப்பரில் ஒரு படக்கதை. கயிற்றுப் பாலத்தின் நடுவில் ஒருவன் நிற்கிறான், எதிரி கயிற்றை அறுக்கிறான், தொடரும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். கூடத் தங்கியிருந்தவர் அதைக் கிழித்து ஸ்டவ் பற்றவைத்துவிட்டார். கொஞ்சம் சத்தம் போட்டேன். அவர் வேறு அறைக்குப் போய்விட்டார். பி.ஏ. படித்தவன் வடகத் தாளுக்குச் சண்டை போட்டான் என்று ஆபீசில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அறை இப்போது தாராளமாக இருக்கிறது. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவது அண்ணன்தான் என்று தெரியும். அவனும் கேட்கட்டும். சின்ன வயதில் குன்னம் சலூனில் பேப்பர் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வான். கத்தி ஓங்கும் இடத்தில் நிறுத்தி, "போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாடா, மிச்சத்தச் சொல்றேன்" என்பான். அதை நான் மறக்கவில்லை. பாகம் பிரித்தபோது கிணறு இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொண்டதையும், அதன்பிறகு எனக்கு ஒரு வரிகூட எழுதாததையும் மறக்கவில்லை.

அடுத்த பொட்டலத்தை அந்தத் தாளுக்கு மறுநாள் வந்த பேப்பரில் கட்டுங்கள். கிடைக்காவிட்டால், பாலத்தில் நின்றவன் என்ன ஆனான் என்று அண்ணனே எழுதட்டும். பேப்பர் வராத நாட்களில் அவன் இட்டுக்கட்டிச் சொன்னதுதான் நன்றாக இருக்கும்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பதாக அவனிடம் சொல்லுங்கள்.

இராமலிங்கம்