இருமல் மருந்துக்காகக் கேட்ட கேள்விகள்

1903 டிசம்பர் 7, திங்கள்

குளிர் காற்று. தங்கச் சுரங்கத்துச் சயனைடு கழிவு மண்மேட்டுத் தூள் முழுக்க என் வாசலில். இரண்டு தடவை பெருக்கினேன், அப்புறம் விட்டுவிட்டேன். செருப்பு வார் அறுந்தது.

மதராஸ் மருந்துக் கம்பெனி ஏஜெண்ட் காலை ரயிலில் வந்தார். பெயர் ராஜரத்தினம். கோட்டு, குடை, வாய் நிறையப் பேச்சு. மாரிகுப்பத்துக் கடைகளில் அவருடைய இருமல் மருந்து சீசாக்கள் தூசி பிடித்து நிற்கின்றன. நோட்டீஸை வீடு வீடாகக் கொடுத்தும் ஒருத்தரும் வாங்கவில்லை. ஏன் என்று விசாரித்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். ஆண்கள் போனால் சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டுப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். நான் மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்தவள், எல்லா வீட்டிலும் பழக்கம், பள்ளியில் இப்போது வேலையும் இல்லை. ஆக, நான். மாதச் சம்பளம் என்றார். அவர் முடிப்பதற்குள் சரி என்றேன்.

டிசம்பர் 8, செவ்வாய்

கேட்க வேண்டியவை (ஏஜெண்ட் சொன்னபடி):
வீட்டில் யாருக்கு இருமல்.
இப்போது என்ன மருந்து.
மருந்து வாங்கத் தீர்மானிப்பது புருஷனா, பெண்சாதியா.
நோட்டீஸைப் பார்த்தீர்களா. பார்த்து என்ன செய்தீர்கள்.

முதல் கேள்விக்கு நோட்டுப் புத்தகமே தேவையில்லை. தட்டி வீடுகளில் சுவர் ஏது, ஒருத்தன் இருமினால் லைன் முழுக்கக் கேட்கிறது. சுரங்கத்துக்குள் கீழே இறங்குகிற எல்லோருக்கும் இருமல். மருந்து: மிளகு, அதிமதுரம், சாராயம். வாங்கத் தீர்மானிப்பது பெண்கள்தான். கடைசிக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிழித்துப் போட்டோம் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அடுப்பில் போட்டாளாம், அதற்கப்புறம் வாசலில் சாணியும் தெளித்தாளாம். ஒரு காகிதத்துக்கு எதற்கு இத்தனை?

கால் வலி. ரசம் மட்டும்.

டிசம்பர் 9, புதன்

விஷயம் தெரிந்துவிட்டது. சொன்னது ஸ்கெலட்டன் என்ற லைனில் குடியிருக்கும் குப்பம்மாள். என்னிடம் தையல் படித்தவள், வாய்த் துடுக்கு, நல்ல மனசு. நோட்டீஸை என் கையிலிருந்து வாங்கவே மாட்டேன் என்றாள்.

"படத்துல ஒரு ஆம்பள நீட்டிப் படுத்துகினு கீறான். தலமாட்டுல விளக்கு. பக்கத்துல பொம்பள தலைய விரிச்சிப் போட்டுகினு நிக்கிறா. இத எவ டீச்சரம்மா வூட்டுக்குள்ள எடுத்தும் போவா?"

பிணம், தலைமாட்டு விளக்கு, தாலி அறுக்கப் போகிறவள். அவ்வளவுதான். கம்பெனிக்காரன் வரைந்தது நோயாளியையும் ஸ்பூனில் மருந்து கொடுக்கும் மனைவியையும். சீமைப் படம் எதையோ பார்த்து வரைந்திருப்பான். சாவுச் சீட்டை வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. குப்பம்மாளுக்கு வரவில்லை.

அவள் புருஷன் முனுசாமி சுரங்கத்தில் கீழே பாறைக்கு டிரில் அடிக்கிறவன். கதவுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தான். துணியை அவள் மறைத்த விதத்திலேயே தெரிந்தது, ரத்தம்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்றேன். மைன் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தால் பேரை அடித்துவிடுவார், வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றாள். லைனில் எல்லோரும் இருமலை ஒளிப்பது இதற்காகத்தான்.

டிசம்பர் 11, வெள்ளி

ஏஜெண்டுக்கு ஒரே குஷி. விளக்கு, தலைவிரி எல்லாம் எடுத்தாயிற்று. பின்னே என்ன படம் போடலாம் என்று கேட்டு வரச் சொன்னார். குப்பம்மாளையே கேட்டேன். ஆளைச் சுரங்கத்தில் ஏற்றி இறக்கும் கேஜிலிருந்து ஒருத்தன் வெளியே வருகிற மாதிரி, சிரித்த முகமாக, கையில் சோத்துத் தூக்கோடு.

"மேல வர்றாப்ல போடச் சொல்லுங்க. கீழ போறதத்தான் தெனம் பாக்கறமே."

ஏஜெண்ட் எழுந்து நின்றே கேட்டார். ஆஸ்பத்திரிப் பயத்தையும் சொன்னேன். ஏன் சொன்னேன்? கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ஆசை, வேறென்ன. அதை மட்டும் அவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

டிசம்பர் 29, செவ்வாய்

கிறிஸ்துமஸ் போயிற்று. கேக் இல்லை, அதிரசம். கோயிலில் புதுப் பாட்டு, சுருதி சேரவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் பேசினேன். முனுசாமியைக் கூட்டி வந்தால் நோயைப் பற்றி மைன் ஆபீசுக்கு எழுத மாட்டார்கள், வேறு காரணம் சொல்லிச் சுரங்கத்துக்கு வெளியே மேல் வேலைக்கு மாற்றச் சொல்லிப் பார்ப்பார்களாம். தூசியை விட்டு வெளியே வந்தால் சில வருஷம் இருப்பான், வராவிட்டால் நிச்சயமில்லை என்றார் கம்பவுண்டர். குப்பம்மாளைச் சம்மதிக்க வைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை வருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம். நிம்மதி.

ஜனவரி 4, திங்கள்

பெங்களூர் அச்சாபீசிலிருந்து புரூப். படம் அருமை. கீழே வாசகம்:

ஆஸ்பத்திரி வேண்டாம். வேலை போகாது. வீட்டிலேயே குணம்.

இது எதற்கு என்றேன். "நீங்கள் கொண்டுவந்ததுதானே அம்மா" என்றார் ஏஜெண்ட். மாரிகுப்பம் லைனில் படம் மட்டும். ஸ்கெலட்டன் லைனில் படமும் வாசகமும், தமுக்கு அடித்து அறிவிப்பும். எது ஆளை இழுக்கிறது என்று வாரா வாரம் கடையில் பார்த்து எழுத வேண்டும். வாசகத்தை மாரிகுப்பத்துக்கு மாற்றலாமே என்று கேட்டேன். மாரிகுப்பத்தில் மட்டும் யாருக்கும் இருமல் இல்லையா என்ன, என் யோசனையைப் பார்! அவர் மாற்றவில்லை. வேலை வேண்டாமென்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. புரூப்பைத் திருத்திக் கொடுத்தேன்.

ஜனவரி 6, புதன்

தமுக்கு. காலையிலிருந்து ஸ்கெலட்டன் பக்கம் அதே சத்தம். மில்லில் கல் இடிக்கிற சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஜனவரி 9, சனி

ஆஸ்பத்திரி வாசலில் உச்சிவேளை வரை நின்றேன். வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். முனுசாமி தூங்கிக்கொண்டிருந்தான், இருமலே இல்லை. தலைமாட்டில் சீசா. தட்டியில் நோட்டீஸைச் சோறு தடவி ஒட்டியிருக்கிறாள், நேராக, ஆசையாக. இது தூங்க வைக்கும் மருந்து, அபின் வாடை அடிக்கிறது, இன்றைக்கே கிளம்பு என்று மன்றாடினேன்.

"ஆஸ்பத்திரி வேணாம்னுதான தமுக்கு அடிச்சிச் சொன்னாங்க. நீங்க கேட்டுகினு போய் எழுதினதாச்சே டீச்சரம்மா. அப்போ அது பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யில்லை, ஆனாலும் டாக்டரும் பார்த்துவிடட்டும் என்று இழுத்தேன். அவள் தலையாட்டிவிட்டு எனக்கு மோர் கொடுத்தாள்.

ஜனவரி 18, திங்கள்

பொங்கல் முடிந்தது. ஸ்கெலட்டன் கடையில் சீசா தீர்ந்துபோய் மறு சரக்கும் தீர்ந்தது. மாரிகுப்பத்தில் ஏதோ சுமாராக. ஏஜெண்டுக்கு எழுதிப் போட்டேன். வாசகம்தான் இழுக்கிறது என்று எழுதும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசை. நடுங்கவில்லை. எழுத்து அழகாகவே வந்தது.

குப்பம்மாள் தண்ணீர்க் குழாயடியில். வீட்டுக்காரர் ஒரு ஷிப்டுகூட விடாமல் போகிறார், ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார் என்றாள். கம்பவுண்டர் இன்னும் வரச் சொல்கிறார் என்றேன். மாசி போகட்டும் என்றாள்.

பல்வலி. கிராம்பு.

ஜனவரி 27, புதன்

முனுசாமி போய்விட்டான். சுரங்கத்தில் கீழே, வேலை செய்கிற லெவலில் உட்கார்ந்தபடியே. அசந்து தூங்குகிறான் என்று நினைத்துக் கூட்டாளிகள் எழுப்பவில்லையாம். ஷிப்டு முடிந்து கேஜில் மேலே கொண்டுவந்தார்கள்.

நான் போகவில்லை. லைன் முனை வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 28, வியாழன்

போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன். என்னைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயம். தூற்றவில்லை. டீச்சரம்மாவுக்கு இடம் விடுங்கள் என்று அழுகைக்கு நடுவில் யாரிடமோ சொன்னாள். அதற்கு மண்ணே தேவலை.

பிப்ரவரி 1, திங்கள்

ஏஜெண்ட் வந்தார். மேலதிகாரிகள் மெச்சினார்களாம், என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமாம். முனுசாமி செத்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார், உண்மையாகவே சொன்னார். குடையைத் திறந்து மூடினார். பிறகு, கம்பெனி அடுத்து உடம்புக்குப் பலம் தரும் ஒரு கஷாயம் போடுகிறது என்றார். துக்கத்தில் உடம்பு கெட்ட பெண்களுக்கு. அந்த மாதிரி வீடுகளில் என்ன கேட்டால் மனசு இளகும், எந்தப் படம் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அந்த அம்மாதான் உங்களிடம் நன்றாகப் பேசுகிறதே. அங்கேயே ஆரம்பியுங்களேன்."

முடியாது என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுப் போனார்.

அரிசி தீர்ந்துவிட்டது. அழ வேண்டும் போல் இருந்தது, அழுதேன்.

பிப்ரவரி 3, புதன்

மைன் ஆபீசில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாத முடிவு வரை தவணை. மூட்டை கட்ட உதவலாம் என்று போனேன், வேறு நோக்கம் சத்தியமாக இல்லை. நோட்டுப் புத்தகம் பையில் கிடந்தது, எப்போதும் கிடப்பதுதான்.

குப்பம்மாள் கட்டிக்கொண்டிருந்த மூட்டையை அவிழ்த்துப் பாயை எடுத்துப் போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேளுங்க டீச்சரம்மா. இன்னிக்கு இன்னா கேக்கணும்?"

சாப்பிட்டாயா என்றேன்.

இல்லை என்றாள். அதை நான் எழுதிக்கொள்வதற்காகக் காத்திருந்தாள்.