லேப்டாப்புக்குச் சந்தனம்

ஐப்பசி 6, வெள்ளி

காலையில் தூறல். பிறகு புழுக்கம். மின்சாரம் உண்டு.

மறுபடியும் லாரி ஆற்றில். வெள்ளிதோறும் ஜாபர் பாயும் நானும் லேப்டாப்பில் ஓட்டும் லாரி விளையாட்டு. அவர் மஸ்கட்டில், மகன் வீட்டில். நான் இங்கே. ஜும்மா தொழுது சாப்பிட்டதும் கூப்பிடுவார். இரண்டு லாரி, ஒரே ரோடு, காதில் ஹெட்போன், ஊர்ப் பேச்சு.

இன்று பாலத்தின் மேல் படம் உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது என் வண்டி ஆற்றுக்குள் கவிழ்ந்து கிடந்தது. அவர் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார். வழக்கமாக, "உங்களுக்கு யாரு வாத்தியாரே லைசென்ஸு குடுத்தது?" என்பார். இன்று அது இல்லை.

"உங்களுக்குச் சிரமம்னா வுட்டுடலாம் வாத்தியாரே. மவன் ஆபீஸ் பசங்களும் கூப்புடுறாங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் பயம். ஜங்ஷன் பக்கம் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தபோது, இனி வர மாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம்தான் அவ்வளவு மரியாதை காட்டுவார்.

அடுத்த வெள்ளிக்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

ஐப்பசி 7, சனி

நல்ல வெயில். வடகம் காய வைத்தாயிற்று.

காலை முழுக்கப் படித்தேன். என் லேப்டாப்பில் படம் வரையத் தனி கார்டு இல்லை. பிராசஸரோடு சேர்ந்தே இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகமும் இல்லை, பொது நினைவகமான ராமில்தான் பங்கு. வகுப்பில் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேன்: மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே இரண்டு குடித்தனம். ஒருவர் துணி துவைத்தால் மற்றவர் குளிக்க முடியாது. தொட்டியைப் பெரிதாக்கலாம், இன்னொரு குழாய் இழுக்கலாம், அல்லது செலவைக் குறைக்கலாம்.

இன்று செலவைக் குறைத்தேன்.

மின்சிக்கன முறையை எடுத்தேன். வாங்கிய நாள் முதல் அதிலேயே இருந்திருக்கிறது. காலி வகுப்பில் ஃபேனை அணைத்துவிட்டு வரும் கை.
திறந்து கிடந்த மற்றதெல்லாம் மூடல்.
படத்தின் அளவு ஒரு படி கீழே. எழுத்து மங்கல். என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.
நிழல் வேண்டாம். புல் வேண்டாம். தூரத்து மரம் குறைவு. மழை வேண்டாம்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு சூடேறித் திக்கல். அடியில் தொட்டால் தோசை வார்க்கலாம்.

சரோஜா கூடையை நீட்டி: "அந்தப் பொட்டிய வுட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்க. வெண்டக்கா முத்தலா வாங்கியாராதீங்க."

வெண்டைக்காய் முற்றல்தான்.

ஐப்பசி 9, திங்கள்

மேகம். முழங்கால் வலி.

கதவுக்கு முட்டுக் கொடுக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் நான்கு, ஊர்ப் பீங்கான் ஃபாக்டரியில் கழித்துப் போட்டவை. லேப்டாப்பின் நான்கு மூலைக்கும் கால் வைத்தேன். அடியில் காற்று தாராளம். உள்ளே போவதாகத்தான் தெரியவில்லை. பாலம் வந்ததும் உறைந்தது.

ஐப்பசி 11, புதன்

ஸ்டேஷன் ரோட்டு கம்ப்யூட்டர் கடை. இன்னொரு ராம் போடக் காலி இடம் இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். அதாவது இரண்டாவது குழாய்.

"இதுல கேமா சார்? மாட்டு வண்டிய பைபாஸ்ல ஓட்டுற கதைதான். புதுசு எடுத்துடுங்க."

"மாடு நல்ல மாடுங்க. லாடம் மட்டும் கட்டிக் குடுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே கவிழ்த்தவர் மூக்கைச் சுருக்கினார். "என்னா சார், கோயில் வாசனை வருது?"

அடிமூடியில் ஃபேனுக்குக் காற்று போகும் சல்லடைத் துளைகள். அதன் மேல் மூன்று பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து, தூசு பிடித்து, ஒரு துளை பாக்கியில்லை. அன்று கட்டை வைக்கத் தூக்கிய நான் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அவர் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். ராமும் போட்டார்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் கேட்டேன்.

"ஆமா, ஆயுத பூஜைக்கு வெச்சேன். மிக்சிக்கு வெச்சேன், கிரைண்டருக்கு வெச்சேன், உங்க ஓட்ட சைக்கிளுக்கும் வெச்சேன். இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?"

"காத்து போற எடத்துலயா வெப்ப? அதுவும் மூணு பொட்டு?"

"சூடாவுது சூடாவுதுன்னு நீங்கதான சொல்லிக்கினே இருந்தீங்க? சந்தனம் குளுர்ச்சிதான?"

விடை தப்பு, வழிமுறை சரி. பாதி மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

ஐப்பசி 12, வியாழன்

ரசம் நன்றாக இருந்தது.

நொடிக்கு முப்பது படம். பாலத்தை மூன்று தடவை போய் வந்தேன். ஆறு அப்படியே இருக்கிறது, நான் விழவில்லை. ஆசையில் மழையைப் போட்டுப் பார்த்தேன். உடனே திக்கியது. எடுத்துவிட்டேன்.

ஜா. பாய்க்குச் செய்தி: "வண்டி ரெடி. நாளை வரலாமா?" படித்துவிட்டார். பதில் இல்லை.

சரோஜா இரண்டு தடவை, "பாய் என்னா சொன்னாரு?"

ஐப்பசி 13, வெள்ளி

வெயில். வழக்கமான நேரம் தாண்டியும் அழைப்பில்லை. செய்தித்தாள் படித்தேன், விளம்பரம் உட்பட. லேப்டாப் திறந்தபடி, கட்டைகளின் மேல்.

கடைசியில் மணி அடித்தது.

"ஆபீஸ் பசங்களோட போவலையா பாய்?"

"அத்த ஏன் கேக்கறீங்க. போன வாரம் நீங்க போனதும் அதுங்ககூட ஒரு ரவுண்டு போனேன். ரோட்டுலயா போவுதுங்க, பறக்குதுங்க. ஒரு பேச்சு இல்ல, ஒரு டீ இல்ல. வண்டிய எடுங்க."

எடுத்தேன். சந்தனக் கதையைச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் அவர் லாரி கோடு தாண்டியது. "உங்களுக்கு யாரு பாய் லைசென்ஸு குடுத்தது?" என்று நான் கேட்டேன்.

பாலம் வந்தது. தாண்டினோம், முதலில் அவர், பின்னால் நான். அவர் ஹாரன் மட்டும் அடித்தார்.

கொஞ்ச தூரம் போனதும்: "அடடா, மழ புடிச்சிக்கிச்சி வாத்தியாரே! என்னா மழ! இந்த ஊருக்கு வந்து ஒரு சொட்டு பாக்கல, இதுலயாச்சும் பாக்கறேன். ஒங்களுக்குத் தெரியுதா?"

என் பக்கம் காய்ந்த ரோடு. நிழல்கூட இல்லாத வெளிச்சம்.

"கொட்டுது பாய்" என்று வைப்பரைப் போட்டேன்.