ஸ்டெல்லா அக்காவின் புதுச் சாவிக்கு நான் கையெழுத்திடவில்லை

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ இல்லாமல் நடந்த முதல் சாவிக் கூட்டத்தைப் பற்றி வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஓசூரில், பயிற்சி மையத்தின் மாடியில்தான் கூடினோம். ஆனேக்கல்லிலிருந்து சிவண்ணா வந்திருந்தார். ஷிப்ட் முடித்த சிலர் கம்பெனிச் சட்டையோடே வந்துவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நிரல் எழுதும் எங்கள் ஒவ்வொருவரின் கணினியிலும் ஒரு குறியாக்கச் சாவி உண்டு. ஒரு நிரல் இன்னாரிடமிருந்துதான் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தச் சாவி அவருடையதுதானா என்பதற்கு? நேரில் உட்கார்ந்து, அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்து, சாவிக்குரிய எழுத்துகளையும் எண்களையும் அவர் வாசிக்கச் சரிபார்த்து, அதன் பிறகே நாங்கள் எங்கள் சாவியால் அதற்குக் கையெழுத்திடுவோம்.

பாதிக் கூட்டத்தில் உன் வீட்டுக்காரர் வந்தார். கையில் உன் லேப்டாப், உன் ஆதார் அட்டை. லேத் பட்டறைகளுக்காக நீ எழுதிய நிரலில் ஒரு பிழையை மாமாவே திருத்தியிருந்தார். அதை உன் பெயரில் அனுப்ப வேண்டுமாம். உன் சாவியின் கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. அதனால் உன் பெயரிலேயே புதிதாக ஒரு சாவி உருவாக்கி எடுத்து வந்திருந்தார்.

"மஞ்சு, நீ கையெழுத்து போட்டா மத்தவங்களும் போடுவாங்கம்மா."

"முடியாது மாமா. ஆள் எதிர்ல இருக்கணும்."

"ஏன், நீ அவளப் பாத்ததே இல்லியா?"

"பாத்திருக்கேன். இன்னிக்குப் பாக்கல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். நீயாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாயோ? அவர் லேப்டாப்பை மூடினார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

சிவண்ணாதான் ஒரு டீயை அவர் பக்கம் நகர்த்தினார். "சார், திருத்துனது நீங்கதானே? உங்க பேர்லயே அனுப்புங்க."

"என் பேரு யாருக்குத் தெரியும்? பட்டறைக்காரங்க அவளத்தான் நம்புறாங்க. அவ பேரு நின்னுபோயிடக் கூடாதுங்க."

மாமா டீயைக் குடித்து முடித்தார். பிறகு தன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். படத்தில் மழமழவென்ற முகம். எதிரில், உன்னை அடக்கம் செய்த பிறகு வளர்ந்த தாடி. சிவண்ணா அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாடிய எடுத்துட்டு வரணுமா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும்தான்.

அவருக்கென ஒரு சாவி உருவாக்கினோம். எழுத்தெழுத்தாக அவர் வாசித்தார். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

திருத்திய நிரல் அவர் பெயரிலேயே போனது. சூளகிரிப் பட்டறை ஒன்றிலிருந்து போன் வந்தது: "யாருங்க இந்த ஆரோக்கியராஜ்? நம்பி ஏத்தலாமா?"

"ஏத்துங்க. ஸ்டெல்லாவோட வீட்டுக்காரர்" என்றேன்.

உன் பழைய சாவியின் காலமும் போன வாரம் முடிந்துவிட்டது. திரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் அப்படித்தான் காட்டுகிறது. பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். வேறென்ன செய்ய?

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன் அக்கா. இனி உன் பெயரில் எங்கிருந்து எது வந்தாலும், அது நீ இல்லை என்று முதலில் சொல்பவள் நானாக இருப்பேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
மஞ்சுளா