பாட்டில்லை, கதைதான் கேட்டேன்

அம்மா,

நீங்கள் சேமக்காலையில் அப்பாவின் கல்லறைக்குப் போய் வருமுன் மாலை வகுப்புக்குப் போகிறேன். மீன்குழம்பு குசினியில் மூடியிருக்கிறது. முப்பத்தோராம் நாள் பூசை பற்றிக் கதைக்க மரியநேசன் மாமா ஐந்து மணிக்கு வருவார். பால்மா அலுமாரியில்.

காலையில், "கொப்பர் செத்து மாதம் முடியேல்லை, உனக்குக் காதில பாட்டோடி?" என்று ஏசினீர்கள். அது பாட்டு இல்லை அம்மா, ஒலிப்புத்தகம். ஒருவர் வாசிக்கிறார், நான் கேட்கிறேன். இதுவரை மூன்று கேட்டு, கொப்பியில் குறித்தும் வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் துப்பறியும் கதைகள். அவற்றில் செத்தவருக்காக யாரும் அழுவதில்லை. கொன்றது யார் என்றுதான் தேடுகிறார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. அப்படி இருந்தது சரியோ தெரியவில்லை.

மூன்றாவது மாயக்கதை. அதில் ஒரு கிழட்டு ஆமை, ஊர்ச்சனத்தை முதுகில் ஏற்றிக் கடல் கடத்திவிட்டுக் கரையிலேயே செத்துப்போகிறது. அப்பாவின் பெட்டியை மூடும்போதுகூட அழாத நான் ஆமைக்கு அழுதேன். காலையில் நீங்கள் கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தது அதனால்தான்.

கலிஸ்ரா

போனை மேசையில் விட்டுப் போகிறேன். மாமா போனபிறகு அந்த ஆமையின் பகுதியைக் கேளுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் இசை வரும். அதைத் தாண்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.