தொட்டிக்குப் பக்கத்துல நட்ட போர்டு

சித்திரை 9, திங்கள்

காலையிலேயே கொளுத்துது. போலீஸ் அரைக்கால் சட்டைக்குக் கஞ்சி ஜாஸ்தி. உக்காந்தா முறியும் போல.

நம்ம வீதியில இன்னிக்குப் போர்டு நட்டாச்சு. ‘இங்கு வண்டிகள் நிற்கக் கூடாது’. மூலையில பஸ் திரும்ப வழியில்லை. மாட்டு வண்டி, ஜட்கா, லாரி, ஒரே முட்டல். எஸ்.ஐ. ஐயா போன வாரம், “எந்த இடத்துலய்யா நெரிசல் மோசம்?”னு கேட்டார். என் வீட்டு வாசலைக் காட்டிட்டேன். பொய்யில்லை. மாட்டுத் தண்ணித் தொட்டி அங்கதான். கிராமத்து வண்டி அம்புட்டும் தண்ணி காட்டிட்டுத்தான் சந்தைக்குப் போகும். சாணியெல்லாம் என் படியில.

என் வீட்டுக்காரி சரசு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனவ. பயலுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. நான் பாத்தது ஒரே தடவை, அப்பவும் தூங்கிக்கிட்டிருந்தான். புதன்கிழமை மாமனார் ரெட்டியார்சத்திரத்துல இருந்து ரெண்டு பேரையும் கொண்டாந்து விடுறார். அதுக்குள்ள வாசல் சுத்தமாகட்டும்னு ஒரு சுயநலம்.

வாங்கணும்: தொட்டில் கயிறு, வசம்பு, சோப்பு.

செவ்வாய்

வெயில். போர்டு வச்சதுல நெரிசல் கூடிப்போச்சு! படிக்கத் தெரிஞ்சவன் படிக்க நிக்கிறான். தெரியாதவன், படிச்சுச் சொல்ல ஆள் வர்ற வரைக்கும் நிக்கிறான். ஒரு ஜட்காக்காரர்: “என்னா எழுதியிருக்குன்னு தெரியாம எப்புடி ஏட்டய்யா போறது?” (நான் ஏட்டு இல்லை, வெறும் கான்ஸ்டபிள். திருத்தவும் இல்லை.)

மாடுகளுக்குப் போர்டாவது ஒண்ணாவது. தொட்டியக் கண்டா நிக்குது. லத்தியைக் காட்டினேன். ஒரு காளை என் செவப்புத் தலைப்பாகையை மோந்து பாத்துச்சு.

எஸ்.ஐ.க்குக் கோபம். “நாளைக்கு நானே வர்றேன். நிக்கிற வண்டி மேல கேஸ் எழுதணும். யாரா இருந்தாலும்.”

சோப்பு வாங்க மறந்தாச்சு.

புதன்

எழுதக் கை வரலை.

பத்து மணிக்கு மாமனார் வண்டி. தொட்டில், அரிசி மூட்டை, கோழி ரெண்டு, நடுவுல சரசு, மடியில பய. மாடு வழக்கம்போலத் தொட்டியில நின்னுச்சு. என் வாசல்ல. எஸ்.ஐ. என் பக்கத்துல.

“எழுதுய்யா.”

“ஐயா, அவரு என் மாமனாருங்கய்யா.”

“அப்பப் பேரு விசாரிக்க வேண்டியதில்லை. சீக்கிரம் எழுது.”

எழுதினேன். வேற என்ன செய்ய? மாமனார் மூஞ்சி செவந்துபோச்சு. “மாப்ளைன்னு நெனச்சு வந்தேன். எம் மக எறங்கினா அதுக்கும் ஒரு கேஸ் போடுவீகளோ, போலீஸ்கார ஐயா? இனிமே எம் வண்டி இந்த வாசல்ல நிக்காது. நானா நிறுத்தினா எம் மீசையைச் செரைச்சுக்கிருங்க!” வண்டியத் திருப்பிட்டார். சரசு என்னைப் பாத்த பார்வை! பய தூங்கிக்கிட்டே போயிட்டான்.

வீதி மொத்தமும் வேடிக்கை. கோடி வீட்டம்மா உச்சுக் கொட்டினாங்க. நான் சாப்பிடலை. அழுகையா வந்துச்சு.

வியாழன்

பூக்காரி அந்தோணியம்மா சரசு ஊர்க்காரி, தினம் கூடையோட வர்றவ. ரகசியமாச் சொல்லச் சொல்லி சரசு அனுப்பின சேதியை வீதிக்கே கேக்கிற மாதிரி சொன்னா:

“நாளைக்கு உங்க மாமா கத்திரிக்காய் ஏத்திக்கிட்டு சந்தைக்கு வாராராம். புள்ளைய ஆஸ்பத்திரில காட்டணும்னு சரசுவும் ஏறிக்கிருவாளாம். அவரு நிறுத்த மாட்டாராம், நீங்கதான் எதாச்சும் பண்ணி நிறுத்தணுமாம். வண்டி நிக்கலைன்னா அவ அங்கிட்டே இருந்துக்கிருவாளாம்!”

வண்டி நிக்காமப் பாத்துக்கிறதுதானே தாயி என் உத்தியோகம்!

மத்தியானம் எஸ்.ஐ. சொல்லி முனிசிபாலிடி ஆள் வந்தார். தொட்டி அடைப்பானைப் பிடுங்கி எடுத்துக்கிட்டே போயிட்டார். பொட்டுத் தண்ணியில்லை. வண்டியெல்லாம் ஜோரா ஓடுது. எஸ்.ஐ. முதுகில தட்டினார். “பாத்தியா, போர்டோட மகிமையை!”

பாத்தேன்.

வெள்ளி

விடிஞ்சதும் சரசுவோட பித்தளைக் குடத்தை எடுத்தேன். தெருக்குழாய்க்கும் தொட்டிக்கும் நடை. ஊத்த ஊத்த ஓட்டை வழியா ஓடுது. அடைக்க ஒண்ணும் கெடைக்கலை. தலைப்பாகையை அவுத்துத் திணிச்சேன். நின்னுச்சு. கோடி வீட்டம்மா: “ஏட்டய்யாவுக்கு இப்பத் தண்ணி செமக்கிற டூட்டியோ?”

தொட்டி ரொம்பிச்சு. வண்டி வந்துச்சு. எஸ்.ஐ.யும் வந்தார்.

மாமனார் வாயில சுருட்டு, கழுத்து விறைப்பு, என் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனா மாடு திரும்பிருச்சு. “ஹை! ஹை!” வாலை முறுக்கிப் பாத்தார், நகரலை. குடிச்சதுங்க பாருங்க, அப்பிடி ஒரு குடி! சரசு குதிச்சா, பயலை என் கையில திணிச்சா, வீட்டுக்குள்ள போயே போயிட்டா.

“நான் நிறுத்தலை! எல்லாரும் பாத்துக்கிருங்க, நான் நிறுத்தலை!” மாமனார்.

“எவன்யா தொட்டியை ரொப்பினது?” எஸ்.ஐ.

வெறுந்தலையோட, சொட்டச் சொட்ட நனைஞ்சு நான். போதாததுக்குப் பய வேற என் மேல நனைச்சுட்டான்.

மாமனார் என் தலையைப் பாத்தார். தொட்டியைப் பாத்தார். அடியில செவப்புத் துணி. சுருட்டை வாயிலருந்து எடுத்தார். எஸ்.ஐ. பக்கம் திரும்பி, “எழுதிக்கிருங்கய்யா. இந்தத் தடவை பேரை நானே சொல்றேன்”னார். மெதுவா எறங்கி என் படியில கால் வச்சார்.

“மாட்டுக்கு மட்டுந்தான் தண்ணியா மாப்ளே?”

பயலைத் தோள்ல சாச்சுக்கிட்டு உள்ள ஓடினேன். சொம்பு நெறையத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்.

நாளைக் காலையில விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். அரசாங்கத் தலைப்பாகை தொட்டிக்குள்ள எப்படிப் போச்சுன்னு. என்னத்தை எழுத? பய முழிச்சுட்டான், சரசு கூப்பிடுறா.