அக்காவிடம் சொல்லிவிட்டேன், அப்பா

கடைசிவரை என்னைச் ‘சின்னக்குட்டி’ என்றே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

தம்போயில் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் பேத்தி, என் மகள் யாழினி, பள்ளியில் ஐந்தாம் படிவம் வந்துவிட்டாள். அக்கா அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருவாள். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவோம். இப்போது அவள் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யாழினி ஒரு தொடர் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அபூர்வ சக்தியோடு பிறந்த பிள்ளைகளின் கதை. அதில் ஒரு பெண்ணுக்குப் பறக்க வரும். அவளுடைய அப்பாவுக்கு அது தெரியும். மகள் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்து, உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, சின்ன வயதிலிருந்தே மாத்திரை கொடுத்து அந்தச் சக்தியை அடக்கி வைக்கிறார். அவர் மட்டுமில்லை, அந்தக் கதையில் பெரியவர்கள் எல்லோருமே எதையோ மறைத்தவர்கள்தான். பிள்ளைகள் வில்லன்களோடு போடும் சண்டையைவிடப் பெற்றவர்களோடு போடும் சண்டைதான் அதிகம்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்த சனிக்கிழமை, அந்த மகளுக்கு உண்மை தெரியவந்தது. “உனக்காகத்தான் செஞ்சேன்” என்று அந்த அப்பா அழுதார்.

“பொய்! அவருக்காகத்தான் செஞ்சாரு!” என்று யாழினி கத்தினாள்.

“பாவம் லா, பயந்துட்டாரு” என்றாள் அக்கா. பிறகு யாழினியின் பக்கம் திரும்பி, “எங்க அப்பாலாம் இப்படியில்ல. தாதிப் படிப்புக்கு லெட்டர் வரலன்னு நான் அழுதப்ப, கூட உக்காந்து அவரும் அழுதாரு, தெரியுமா?” என்றாள்.

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை, அப்பா.

அந்தக் கடிதம் வந்ததே. நாம் அப்போது இருந்த கோத்தா திங்கி செம்பனைத் தோட்டத்தில், ஆபீஸிலிருந்து தபாலை வாங்கிவந்தது நீங்கள். வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிந்துகொண்டிருந்த நெருப்பில் நீங்கள் அதைப் போட்டபோது பார்த்தது நான். எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா பக்கவாதத்தில் படுத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

“அவ போயிட்டா அம்மாவ யாருமா பாக்கறது? அக்காகிட்ட சொல்லிடாத, சின்னக்குட்டி” என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

அக்கா மறுபடி விண்ணப்பிக்கவேயில்லை. தனக்குத் தகுதியில்லை என்றே நினைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். உங்களையும் கடைசியில் அவள்தானே பார்த்துக்கொண்டாள்? அவள் கஞ்சி ஊட்டும்போது என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வீர்களே, இதைத்தானா?

யாழினியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி அக்கா ஒன்றுமே கேட்கவில்லை.

“நீ பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன்.”

“இத்தன வருஷமா என்கூட உக்காந்து சாப்பிட்டியே?”

அவள் பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்ட முடியாமல் தடுமாறினாள். நான் பிடிக்கப் போனேன்.

“தொடாத” என்றாள்.

மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. போனை எடுப்பதில்லை. அவள் வீட்டுக்கே போனேன். உள்ளே அவள் நடமாடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

நேற்று மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: “அப்பா படையலுக்கு நான் வரல. நீயே செஞ்சுக்க.” வருஷா வருஷம் உங்களுக்குச் சமைத்தது அவள்தான். உங்கள் நண்டுக் குழம்புக்கு என்னென்ன போடுவாள் என்றுகூட எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பேன்?

உங்கள்மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. அன்று நான் வாயை மூடிக்கொண்டது நீங்கள் சொன்னதற்காக மட்டுமில்லை. அக்கா போய்விட்டால் அம்மாவைப் பார்க்கும் வேலை என் தலையில் விழும் என்று நானும் பயந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு வாக்குத்தான் என்னால் தர முடியும், அப்பா. உங்களை மன்னிக்கும்படி அவளிடம் கேட்கமாட்டேன். என்னை மன்னிக்கும்படியும் கேட்கமாட்டேன். என்றைக்காவது கதவைத் திறந்தால், இப்போது உங்களிடம் சொன்ன இதையும் அவளிடம் சொல்லிவிடுவேன்.

உங்கள் இளைய மகள்,
அவள் இன்னும் ஒப்புக்கொண்டால், அவளுடைய தங்கை,
செல்வி