மயில் அவருடையதன்று

புதுதில்லி
12.6.1988

அன்பின் அம்மாவுக்குச் செல்வி வணங்கி எழுதுவது.

இங்கு நலம். வெயிலில் கண்மாய்க்கரைப் பக்கம் நடக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் நீங்கள் கேட்பதில்லை. இனிச் செய்தி: அப்பாவின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட அஞ்சல்துறையினர் இசைந்துவிட்டார்கள். ஓவியர் சங்கரபாண்டியன், கரிசல்காட்டுப் பறவைகளை நேரில் கண்டு வரைந்த முன்னோடி என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பதினாறாண்டுகளுக்கு முன் மறைந்தவரைத் தில்லி இன்று தேடி வணங்குகிறது. நான் அளித்த ஐந்து படங்களுள், சிவகாசி நாட்காட்டியில் வந்த மயிலைத் தேர்ந்திருக்கிறார்கள். ஒப்புதல் கையெழுத்தும் இட்டுவிட்டேன். மகிழ்ச்சிதானே?

உங்கள் செல்வி


திருச்சுழி
20.6.1988

செல்விக்கு,

செய்தி படித்து நெஞ்சு நிமிர்ந்தேன். மயில் என்னும் சொல்லில் தலை குனிந்தேன். அந்த மயில் அவர் வரைந்ததன்று, நான் வரைந்தது.

நாற்பத்தொன்பதில், அச்சகத்தார் கெடு வைத்த வாரத்தில், உன் அப்பா காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தார். அவர் கொடுத்த சொல் தவறக்கூடாதென்று, பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டிப் பழகிய கையால் நானே வரைந்து, அவர் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். தேறி எழுந்தவர் நாட்காட்டியை நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இது ஒன் பறவை. என்னுது இல்ல" என்றார். அதன்பின் அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

தம் கண்ணால் காணாத ஓர் இறகைக்கூடத் தீட்டாதவருக்கு, தாம் தீட்டாத பறவையாலா புகழ்? அவர் வரைந்த கௌதாரிப் படத்தைக் கொடு. மறுத்தால் அஞ்சல்தலையே வேண்டாம்.

அம்மா


புதுதில்லி
9.7.1988

அம்மாவுக்கு,

உங்கள்மேல் எனக்குச் சினம். நான்காண்டுகள் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளில், எல்லாவற்றையும் நானே கலைப்பதற்காக நேற்று ஏறினேன். மயிலைத் திரும்பப் பெற்றுக் கௌதாரியை நீட்டினேன். இந்தப் புழுதி நிறப் பறவையை எவர் பார்ப்பார் என்றார் அதிகாரி. பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பார் என்றேன். மயிலை உங்கள் பெயரில் வெளியிடலாமே என்றும் கேட்டேன். உயிரோடிருப்பவர்க்கு அவ்வழக்கம் இல்லையாம். குழு மறுபடி கூடுமாம். கைவிடவும் கூடும்.

சினம் இன்னும் ஆறவில்லை. ஆயினும் தலை நிமிர்ந்தே படியிறங்கினேன், அம்மா.

செல்வி


திருச்சுழி
5.3.1989

செல்விக்கு,

கௌதாரி வென்றது. அஞ்சல்தலை வந்துவிட்டது. உனக்கு விடுப்புக் கிடைக்காததுதான் குறை.

அருப்புக்கோட்டையில் வெளியீட்டு விழா. தலைமை தாங்கிய பருத்தி வணிகர் வெள்ளத்துரை, தம் கடையில் நாற்பதாண்டாகத் தொங்கும் அந்த நாட்காட்டி மயில் படத்தை மேடைக்கே கொண்டுவந்து, இதன்முன் கௌதாரி எம்மாத்திரம் என்று முழங்கினார். நான் எழுந்து ஒலிபெருக்கியைப் பற்றினேன். கௌதாரி அவருடையது, மயில் என்னுடையது என்றேன்.

"அப்ப கீழ இருக்க கையெழுத்து, டீச்சரம்மா?" என்றார் வெள்ளத்துரை.

"அதுவும் நான் போட்டதுதான்."

அரங்கம் சிரித்து ஓய்ந்தது. டீச்சரம்மாவுக்கும் அஞ்சல்தலை வேண்டும் என்று எவரோ குரல் கொடுத்தார். அதற்கு நான் முதலில் சாக வேண்டும், எனக்கு அவசரமில்லை என்றேன். வெள்ளத்துரை படத்தையும் பேனாவையும் என்முன் நீட்டினார்.

உன் அப்பாவின் பெயரை ஒரே கோட்டில் அடித்தேன். அருகில் என் பெயரை எழுதினேன். அறுபத்தெட்டு வயதில், என் படத்தில் என் முதல் கையெழுத்து.

ராமலட்சுமி